எங்கள் வாசிகசாலைக் கணினியை மீண்டும் எழுப்பித் தந்தவர்களுக்கு நன்றி மடல்

பேரன்புடையீர்,

தலவாக்கலைக்கு மேலேயுள்ள எங்கள் தோட்டத்து வாசிகசாலையின் நூற்பட்டியலும், சாதாரண தர, உயர்தரப் பரீட்சைகளின் கடந்தகால வினாத்தாள்களும் அடங்கிய, ஜாவா என்ற நிரல்மொழியில் எழுதப்பட்ட சேர்வர் மென்பொருள் பல ஆண்டுகளாக ஒரு பழைய விண்டோஸ் கணினியில் இயங்கி வந்தது. மழைக்கால மின்வெட்டுகளில் அது பழுதாகிப்போனதால், அன்பளிப்பாகக் கிடைத்த 2 ஜிபி நினைவகமுள்ள சிறிய லினக்ஸ் கணினிக்கு மென்பொருளை மாற்ற முயன்றோம். அம்முயற்சியில் கைகொடுத்த உங்கள் அனைவருக்கும் வாசிகசாலைக் குழுவின் சார்பில் இம்மடலை எழுதுகிறேன்.

புதிய கணினியில் ஜாவா 17 இருந்தது. தொடங்கக் கட்டளையிட்ட மறுகணமே, ஜாவா இயந்திரத்தை உருவாக்க முடியவில்லை என்று கூறி அது நின்றுவிடும். பேராதனையில் பொறியியல் பயிலும் தம்பி, பிழைச் செய்தி தோன்றிய திரையை நாங்கள் எடுத்து அனுப்பிய படத்தின் கடைசி வரியை விட்டுவிட்டு முதல் வரியைப் பார்த்தார். பழைய தொடக்கக் கோப்பிலிருந்து நாங்கள் அப்படியே பிரதி செய்திருந்த ‘மேக்ஸ்பெர்ம்சைஸ்’ என்ற, ஜாவாவின் ‘பெர்ம்ஜென்’ நினைவகப் பகுதிக்கு அளவு வகுக்கும் அமைப்பே காரணம் என்று அவர் விளக்கினார். அந்த நினைவகப் பகுதி 2014இல் ஜாவா 8 வெளிவந்தபோதே நீக்கப்பட்டுவிட்டது. அப்போது வெறும் எச்சரிக்கையோடு கடந்துபோன அதே வரியை ஜாவா 17 அடியோடு ஏற்க மறுக்கிறது. அதன் பின்னர் தலைகாட்டிய, எக்ஸ்எம்எல் தரவுகளைக் கையாளும் ஜாக்ஸ்பி தொகுதி இல்லாத குறையையும், 2018இல் ஜாவா 11இலிருந்து அது எடுக்கப்பட்டுவிட்டது என்று சொல்லி, தேவையான கோப்புகளைத் தனியே சேர்த்து அன்று மாலையே தீர்த்துவைத்தார்.

சேர்வர் எழும்பியது, ஆனால் நிலைக்கவில்லை. பாடசாலை விட்டுப் பிள்ளைகள் வந்து தேடத் தொடங்கினால், அரை மணி நேரத்துக்குள் எந்தப் பிழைச் செய்தியும் எழுதாமல் அணைந்துவிடும். நினைவகம் போதவில்லை என்று எண்ணி, ஜாவா தன் தரவுகளை வைக்கும் ‘ஹீப்’ என்ற நினைவகப் பகுதியின் அளவை 1500 எம்பி ஆக்கினோம், பிறகு 1800 ஆக்கினோம். கூட்டக் கூட அது இன்னும் விரைவாக அணைந்தது. கொழும்பில் பணிபுரியும் கொட்டகலை அண்ணன், ஜாவாவின் பதிவேட்டை மூடிவிட்டு, லினக்ஸின் மையப் பகுதியான கேர்னலின் பதிவேட்டைத் திறக்கச் சொன்னார். நினைவகம் தீர்ந்ததால் ஜாவாவைக் கேர்னலே நிறுத்தியிருந்தது அங்கே தெளிவாக எழுதப்பட்டிருந்தது. ஹீப் என்பது ஜாவா எடுக்கும் இடத்தின் ஒரு பங்கு மட்டுமே என்பதையும், நிரலின் வகுப்பு (கிளாஸ்) விவரங்களுக்கான மெட்டாஸ்பேஸ், ஒரே நேரத்தில் ஓடும் வேலை இழையான ஒவ்வொரு திரெட்டுக்கும் 1 எம்பி வரை ஒதுக்கப்படும் அடுக்கு (ஸ்டாக்) நினைவகம், அதே கணினியில் ஓடும் தரவுத்தளம் ஆகிய எல்லாமே அந்த 2 ஜிபிக்குள் அடங்க வேண்டும் என்பதையும் அவர் பொறுமையாக விளக்கினார். ஹீப்பை 768 எம்பி ஆகக் குறைத்து, ஜாவா வலைச் சேர்வரான டொம்கெட்டின் 200 திரெட்டுகளை 40 ஆக்கிய பிறகு அது அணையவே இல்லை. கூட்ட வேண்டும் என்று நாங்கள் பிடிவாதமாக நின்ற இடத்தில் குறைக்கச் சொல்லித் தந்த அந்த மாலைப் பொழுதை நான் மறக்கமாட்டேன்.

பதுளைத் தங்கைக்கு நான் தனியே நன்றி கூற வேண்டும். எல்லாம் சரியாகிவிட்டது என்று நாங்கள் மகிழ்ந்திருந்தபோது, அச்சிட எடுத்த பாடப் பட்டியலில் தமிழ் முழுவதும் கேள்விக்குறிகளாக வந்தது. தரவுத்தளமே அழிந்துவிட்டதோ என்று எங்கள் நூலக அக்கா கலங்கிப்போனார். தங்கையோ, ‘திரிகோணமிதி’ இருந்த இடத்தில் எத்தனை கேள்விக்குறிகள் உள்ளன என்று மட்டும் கேட்டார். எண்ணிப் பார்த்தோம்: 11. நம் கண்ணுக்கு அச்சொல் ஆறு எழுத்துகள்தாம். ஆனால் எழுத்துகளுக்கு எண் வழங்கும் முறையான, உயிர்மெய்க் குறிகளைத் தனியே கொள்ளும் யூனிகோடில் அது 11 குறியீடுகள், அவற்றைப் பைட்டுகளாக எழுதும் யூடிஎஃப்-8 முறையில் சேமித்தால் 33 பைட்டுகள். படிக்கும்போது கெட்டிருந்தால் பைட்டுக்கு ஒன்றாக 33 குறிகள் வந்திருக்கும்; 11 வந்திருப்பதால் ஜாவா சொல்லைச் சரியாகவே படித்திருக்கிறது, கோப்பில் எழுதும்போதுதான் இழந்திருக்கிறது, ஆகவே உங்கள் தரவுகள் பத்திரமாக இருக்கின்றன என்றார். அக்கா அதைக் கேட்டுக் கண்கலங்கினார். ஜாவா 18இலிருந்துதான் யூடிஎஃப்-8 இயல்பான முறையாகியது என்பதால், எங்கள் ஜாவா 17க்கு அதைத் தொடக்கக் கோப்பிலேயே குறிப்பிட்டு எழுதித் தந்தார்.

ஒவ்வொரு இரவும் கட்டடத்தைத் திறந்து வைத்து, குளிரில் எங்களோடு விழித்திருந்து தேநீர் ஊற்றித் தந்த காவல்கார ஐயாவுக்கும் எங்கள் நன்றி உரியது. உயர்தரப் பிள்ளைகள் இப்போது வினாத்தாள்களைத் தடையின்றி எடுக்கிறார்கள். கேள்விக்குறி இல்லாத பாடப் பட்டியலை அக்கா வாசற்கதவில் ஒட்டியிருக்கிறார். நீங்கள் மூவரும் ஊருக்கு வரும்போது அவசியம் வந்து பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
நன்றியுடன்,
வாசிகசாலைக் குழுவின் செயலாளர்