சுட்ட சுண்ணாம்பு கரையாது ஐயா

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

சென்ற வாரச் சிறுவர் அறிவியல் பக்கத்தில் 'நீரில் கரையும் பொருட்கள்' என்று ஒரு பட்டியல் போட்டிருந்தீர்கள். உப்பு, சர்க்கரை, சமையல் சோடா வரைக்கும் சரி. நான்காவதாக 'சுட்ட சுண்ணாம்பு (சூட்டுடன் கரையும்)' என்று இருந்தது. அந்த அடைப்புக்குறியைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

தங்களுக்குத் தெரியாததல்ல. உப்புக் கரைசலை வற்றவிட்டால் போட்ட உப்பு அப்படியே திரும்பக் கிடைக்கும். சுட்ட சுண்ணாம்பில் தண்ணீரை ஊற்றிவிட்டு எத்தனை நாள் வற்றவிட்டாலும் அது திரும்பாது, ஏனென்றால் 56 கிராம் சுண்ணாம்பு 18 கிராம் தண்ணீரைத் தனக்குள்ளே இழுத்து 74 கிராம் நீற்றுச் சுண்ணாம்பாக மாறியிருக்கும். இதற்குப் பெயர் வினை. வந்த சூடும் அந்த வினையின் சூடுதான். சரி, அந்த நீற்றுச் சுண்ணாம்பாவது கரைகிறதா என்றால், 100 மில்லி தண்ணீரில் 0.2 கிராம்கூடக் கரையாது, சூடாக்கினால் அதுவும் குறையும். 'சூடாக்கினால் எதுவும் கூடுதலாகக் கரையும்' என்று இதே பக்கத்தில் முன்பு வந்தபோதும் எழுதினேன். பதில் இல்லை.

வார்த்தைக்கு இவ்வளவு சண்டையா என்பீர்கள். பள்ளி ஆய்வகத்தில் 31 ஆண்டுகள் உதவியாளராக இருந்தவன் நான். ஒருமுறை ஒரு பையன், கரையத்தானே போகிறது என்று, ஒரு கை சுட்ட சுண்ணாம்பைக் கண்ணாடிப் புட்டியில் போட்டுத் தண்ணீர் விட்டு மூடியையும் திருகிவிட்டான். நான் ஓடிப்போய்ப் பிடுங்குவதற்குள் புட்டி வெடித்துச் சுண்ணாம்பு என் இடது கண்ணில் அடித்தது. குழாயடியில் எவ்வளவு நேரம் கழுவினேன் என்றே நினைவில்லை. இந்தக் கடிதத்தைக்கூட வலது கண்ணால்தான் எழுதுகிறேன். "கரையும்னுதான சார் போட்டிருக்கு" என்று அவன் அழுதான். அவனை நான் குறை சொல்லவில்லை.

அப்புறம் அந்த பேரியம் கட்டுரை. 'பேரியம் சேர்மங்கள் எல்லாம் நஞ்சு' என்று கொட்டை எழுத்தில் போட்டீர்கள். என் அம்மாவுக்கு அந்த வாரம்தான் வயிற்று எக்ஸ்ரே. பேரியம் கொடுப்பார்கள் என்று தெரிந்ததும் குடிக்கவே மாட்டேன் என்றுவிட்டார். பேரியம் குளோரைடு தண்ணீரில் கரையும், அதனால் உடம்பில் ஏறும், நஞ்சு. எக்ஸ்ரேவுக்குக் கொடுக்கும் பேரியம் சல்பேட் கரையாது, குடித்தபடியே வெளியே போய்விடும். இதை அம்மாவுக்குப் புரியவைக்க எனக்கு இரண்டு நாள் ஆனது. அதைப் பற்றி நான் எழுதிய கடிதத்தைப் பாதியாக வெட்டிப் பிரசுரித்தீர்கள். வெட்டியது அந்த சல்பேட் பாதியை!

ஒரு நடிகையின் பெயரில் ஓர் எழுத்து மாறிப்போனதற்கு மறுநாளே முதல் பக்கத்தில் வருந்திய பத்திரிகை உங்களுடையது. எனக்கு முதல் பக்கமெல்லாம் வேண்டாம். அதே சிறுவர் பக்கத்தில், அதே அளவு எழுத்தில், 'கரையும்' என்பதை 'வினைபுரியும்' என்று திருத்தி, மூடிய புட்டியில் செய்து பார்க்காதே என்று ஒரு வரி சேருங்கள். போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக உதவியாளர்

பி.கு.: அதே பட்டியலில் ஏழாவதாக சோடியம் இருக்கிறது. அதற்குத் தனிக் கடிதம் எழுதுகிறேன்.