மஸ்கட்டில் நம் ரூபாய்

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. கண்ணில் ஆபரேஷன் முடிந்து, டாக்டர் எழுதவும் விடவில்லை, படிக்கவும் விடவில்லை. இப்போது பரவாயில்லை.

உன் பேரனுக்கு மஸ்கட்டில் வேலை கிடைத்ததில் ரொம்பச் சந்தோஷம். ஒரு ரியாலுக்கு இருநூறு ரூபாய்க்கு மேல் கொடுக்க வேண்டியிருக்கிறதே, நம் பணத்துக்கு இப்படியொரு கதியா என்று நொந்துகொண்டிருந்தாய். அதே மஸ்கட்டில் 1970 வரைக்கும் ரூபாய் புழங்கியது என்று அவனிடம் சொல்லிப் பார். நம்ப மாட்டான்.

குவைத், பஹ்ரைன், கத்தார், துபாய் எல்லா இடத்திலும் அப்போது ரூபாய்தான். வினை வைத்தது தங்கம். இங்கே இறக்குமதிக்குக் கட்டுப்பாடு இருந்ததால் விலை அதிகம். கடத்திக்கொண்டு வந்தவர்கள் தங்கத்தை விற்றுவிட்டு ரூபாய் நோட்டுகளை அங்கே கொண்டுபோனார்கள். அங்குள்ள வங்கிகள் அந்த நோட்டுகளை ரிசர்வ் வங்கிக்கே திருப்பி அனுப்பிவிட்டு பவுண்டு கேட்டன. கேட்டால் கொடுக்கத்தானே வேண்டும்? நம் அந்நியச் செலாவணிக் கையிருப்பு கரைந்தது. கடைசியில் 1959இல் வளைகுடாவுக்கென்றே தனி நோட்டு போட்டார்கள். பத்து ரூபாய் சிவப்பு நிறத்தில், எண்ணுக்கு முன்னால் இசட் எழுத்தோடு. இந்தியாவுக்குள் அது செல்லாது.

1961இல் குவைத் தினாருக்கு மாறியது, 1965இல் பஹ்ரைன். மறு வருஷம் ஜூன் 6ஆம் தேதி இந்திரா காந்தி அரசு ரூபாயின் மதிப்பைக் குறைத்தது. டாலருக்கு 4.76 ரூபாய் என்றிருந்தது ஒரே நாளில் 7.50 ஆனது. கையில் இருக்கும் பணம் டெல்லி எடுக்கும் முடிவால் இப்படிக் கரைந்தால் அங்கே யார் வைத்திருப்பார்கள்? கத்தாரும் துபாயும் விலகின, ஓமன் மட்டும் இன்னும் நாலு வருஷம் தாக்குப்பிடித்தது. காங்கிரஸ் தலைவராக இருந்த காமராஜருக்கும் அந்த முடிவு பிடிக்கவில்லை. அடுத்த வருஷம் இங்கே காங்கிரஸ் தோற்றதற்கு அதுதான் காரணம் என்று சொல்ல மாட்டேன். இந்தியும் அரிசியும் அதைவிடப் பெரிய காரணங்கள்.

ஆனால் ஒன்று, சுந்தரம். வெள்ளைக்காரன் காலத்து ரூபாயை நினைத்து ஏங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. கடல் தாண்டி அது போனது பிரிட்டிஷ் ஆட்சியின் செல்வாக்கில். அதன் மதிப்பையும் அவர்கள் வசதிக்குத்தான் வைத்தார்கள். 1927இல் ரூபாய்க்கு பிரிட்டிஷ் காசில் ஒரு ஷில்லிங் ஆறு பென்ஸ் என்று சட்டம் போட்டபோது, ஒரு ஷில்லிங் நாலு பென்ஸ் போதும் என்று பம்பாய்ப் பருத்தி வியாபாரி புருஷோத்தம்தாஸ் தாக்கூர்தாஸ் போன்றவர்கள் மல்லுக்கட்டினார்கள். ரூபாய் உசந்தால் லண்டனுக்குக் கட்ட வேண்டிய தொகை அரசாங்கத்துக்கு மலிவாகும். வெளிநாட்டுத் துணியும் மலிவாக வந்து இறங்கும். பருத்தி ஏற்றுமதி செய்கிறவனுக்கோ கைக்கு வருவது குறையும். நம் ஆட்கள் ரூபாயின் மதிப்பைக் குறைக்கச் சொல்லிப் போராடினார்கள் என்றால் இன்றைக்கு யாருக்காவது புரியுமா?

அதற்காக 1966இல் செய்தது சரி என்று சொல்லவில்லை. அதை நேரில் உட்கார்ந்து சண்டை போடலாம்.

உன் முட்டிவலி எப்படி இருக்கிறது? எழுது. அப்புறம், பேரன் அங்கே பழைய காசு விற்கும் கடை எதையாவது பார்த்தால் அந்தச் சிவப்புப் பத்து ரூபாய் இருக்கிறதா என்று கேட்கச் சொல். வாங்க வேண்டாம், யானை விலை சொல்வான். ஒரு போட்டோ எடுத்து அனுப்பினால் போதும்.

அன்புடன்,
ராமு