அண்ணன் வயிற்றில் இருக்கும் எலும்பு

மாப்பிள்ளை,

கோத்தகிரியில் பத்து நாளாக மழை, உன் போன் வேறு பாதியிலேயே அறுந்துபோச்சு, அதனால் எழுதியே சொல்லிவிடுகிறேன்.

அண்ணனுக்குப் பக்கவாதம் வந்தது வரைக்கும் உனக்குத் தெரியும். விடிந்து எழும்போதே இடது கை துவண்டு, வாய் கோணியிருந்தது. ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசியை 4.5 மணி நேரத்துக்குள் போடணுமாம், தூக்கத்தில் எத்தனை மணிக்கு வந்ததென்று யாரைக் கேட்பது? மேட்டுப்பாளையத்துக்கே 33 கிலோமீட்டர் மலைப்பாதை, அப்புறம் கோவை. ஊசி போடவில்லை. ஆனாலும் சாயங்காலம் பேசினார், பச்சைத் தேயிலைக்கு என்ன விலை என்றுகூடக் கேட்டார். சரி, தப்பித்தோம் என்று அண்ணியை வீட்டுக்கு அனுப்பிவிட்டேன்.

மறுநாள் தூங்கிக்கொண்டே இருந்தார். அலுப்பு, பாவம், தூங்கட்டும் என்று நான் எழுப்பவே இல்லை, அந்த மடத்தனம்தான் இன்னும் உறுத்துகிறது. ராத்திரி வாந்தி எடுத்தார். நர்ஸ் டார்ச் அடித்துப் பார்த்தார், ஒரு கண்ணின் பாப்பா மட்டும் பெரிதாக இருந்தது, உடனே ஓடினார்கள்.

ரத்தம் கிடைக்காமல் செத்த பகுதி தண்ணீர் கோத்து வீங்குமாம், 2லிருந்து 5 நாளுக்குள் அது உச்சத்துக்குப் போகுமாம். நம் இலைச் சாக்கு என்றால் திணிக்கத் திணிக்கப் பிதுங்கிக்கொடுக்கும், மண்டையோடு எங்கே கொடுக்கும்? உள்ளே அழுத்தம் பாதரச அளவில் 15 மில்லிமீட்டருக்குள் இருக்கணும், 20ஐத் தாண்டிவிட்டால் நல்ல மூளையும் நசுங்க ஆரம்பிக்கும். வீக்கத்தை வடிக்கிற மானிட்டால் மருந்தை ஏற்றினார்கள், கட்டிலின் தலைமாட்டை 30 டிகிரி உயர்த்தினார்கள். தலை சாயச் சாய அந்த நர்ஸ் நேராக்கிக்கொண்டே இருந்தார், கழுத்து மடங்கினால் மூளையிலிருந்து ரத்தம் இறங்குகிற ரத்தக்குழாய் அமுங்கிவிடுமாம்.

வீக்கம் எதற்கும் அடங்கவில்லை, விடிவதற்குள் மண்டையோட்டில் வலது பக்கம் ஒரு கையகல எலும்பையே எடுத்துவிட்டார்கள். உயிர் நிற்கலாம், கை திரும்பும் என்று சொல்லமாட்டேன் என்று டாக்டர் கையெழுத்துக்கு முன்னாடியே சொன்னார். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது.

எடுத்த எலும்பு அவர் வயிற்றுத் தோலுக்கடியில் பத்திரமாக இருக்கிறது, சில மாதம் கழித்துத் திரும்பப் பொருத்துவார்கள். இருமினால் தலையில் அந்த இடம் மெல்லப் புடைத்து அடங்குகிறது, பார்த்துப் பயந்துவிடாதே.

ஞாயிற்றுக்கிழமை வா. அண்ணன் உன்னைக் கேட்டார். வலப்பக்கமாக உட்கார்ந்து பேசு, இடப்பக்கம் ஆள் நிற்பதே இன்னும் அவருக்கு உறைக்கவில்லை.