பரம் பொருள் வந்தாச்சு, பார்த்துக்கொள்ள ஆள்?

சூப்பர் கம்ப்யூட்டர் வைத்திருக்கும் கல்வி நிறுவனங்களின் இயக்குநர்களுக்கு,

வணக்கம். நான் ஒரு பொறியியல் கல்வி நிறுவனத்தில் கிளஸ்டரை, அதாவது பல கணினிகளை இணைத்து ஒன்றாக ஓட்டும் சூப்பர் கம்ப்யூட்டரை, பார்த்துக்கொள்பவன். போன மாதம் எம்.டெக். மாணவி ஒருவர் வந்தார். "என் ஜாப் மூணு நாளா க்யூவிலேயே கிடக்குது சார்." எவ்வளவு கணினி வேண்டும் என்று கேட்கும் ஸ்கிரிப்டைத் திறந்தால் முழு நோடு (கிளஸ்டரில் ஒரு கணினி), அதன் 48 கோரையும் (கணக்குப் போடும் அலகு) கேட்டிருக்கிறார். அவருடைய நிரலோ ஒரே கோரில் ஓடுவது. மீதி 47ம் சும்மா கிடந்திருக்கும். 48ஐ ஒன்று ஆக்கினேன். டீ குடித்துவிட்டு வருவதற்குள் ஓடத் தொடங்கிவிட்டது. அவரைக் குறை சொல்ல மாட்டேன். அந்த ஸ்கிரிப்ட் சீனியர் கொடுத்தது, சீனியருக்கு அவருடைய சீனியர் கொடுத்தது.

கிளம்பும்போது கேட்டார்: "உங்க மாதிரி வேலைக்கு வரணும்னா பிஎச்.டி. பண்ணணுமா சார்?" எனக்குப் பதில் வரவில்லை.

2015இல் ரூ. 4,500 கோடியில் தேசிய சூப்பர் கம்ப்யூட்டிங் திட்டம் வந்தது. 2022இல் பெங்களூரு ஐஐஎஸ்சிக்கு 3.3 பெட்டாஃப்ளாப் வேகத்தில் பரம் பிரவேகா, திருச்சி என்ஐடிக்கு 838 டெராஃப்ளாப்பில் பரம் பொருள். ஒரு டெராஃப்ளாப் என்றால் நொடிக்கு ஒரு லட்சம் கோடி கணக்கு; ஆயிரம் டெராஃப்ளாப் ஒரு பெட்டாஃப்ளாப். (பெயர் வைத்தவருக்கு ஒரு கும்பிடு.) இயந்திரங்களைப் பற்றி எனக்குக் குறையே இல்லை.

பிஎச்.டி. முடித்தால் பேராசிரியர் வேலை. அங்கே எண்ணுவது கட்டுரைகளை. எம்.டெக். முடித்தால் சிப் கம்பெனி, நல்ல சம்பளம். சரி, இரண்டுக்கும் நடுவில், இயற்பியல்காரர் எழுதிய நிரலை வாங்கி, எம்பிஐயில் (நிரலின் பகுதிகள் ஒன்றுக்கொன்று தகவல் அனுப்பும் முறை) எங்கே காத்துக் கிடக்கிறது என்று பார்த்து வேகமாக்கித் தருகிறவர்? நான் ஒன்பது மணி நேர வேலையை நாற்பது நிமிடத்துக்குக் கொண்டுவந்திருக்கிறேன். கட்டுரையில் நன்றியுரையில் ஒரு வரி கிடைத்தது. என் பணி ஆணையில் 'திட்டப் பணியாளர்' என்றுதான் இருக்கிறது. ஆண்டுக்கொரு முறை நீட்டிப்பு.

பிரிட்டனில் 2012இல் இந்த வேலைக்கு 'ஆராய்ச்சி மென்பொருள் பொறியாளர்' என்று பெயர் வைத்தார்கள். இன்று அங்கே பல பல்கலைக்கழகங்களில் இதற்கென்றே குழுக்கள் இருக்கின்றன. பெயர் வந்த பிறகுதான் பதவியும் வந்தது.

நான் கேட்பது பெரிதல்ல. கிளஸ்டருக்கு இரண்டு பேராவது நிரந்தரப் பணியில், பதவி உயர்வோடு. அப்புறம், துறை எதுவானாலும் கிளஸ்டரைத் தொடும் மாணவருக்கு முதல் செமஸ்டரிலேயே ஒரு லேப்: ஸ்லர்ம் (ஜாப்களை க்யூவில் வைத்து ஓட்டும் மென்பொருள்), ஓபன்எம்பி (ஒரே நோடின் பல கோர்களில் நிரலை ஓட்டும் முறை), எம்பிஐ, கொஞ்சம் புரொஃபைலிங் (நிரல் எங்கே நேரம் தின்கிறது என்று அளப்பது). அதை நாங்களே நடத்துகிறோம்.

பதவிக்கான தகுதிகளையும் பணிகளையும் இரண்டு பக்கத்துக்கு எழுதி வைத்திருக்கிறேன். கேட்டால் அன்றைக்கே அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ஒரு கிளஸ்டர்க்காரன்