நைஜீரியாவில் பெட்ரோல் மானியம் மட்டும்தானா பிரச்சினை?

ஆசிரியருக்கு வணக்கம்.

நைஜீரியா பற்றிய கட்டுரையைப் படித்தேன். பெட்ரோல் மானியம் முதற்கொண்டு அரசு எல்லாவற்றிலும் தலையிட்டதுதான் கேடு, ஒதுங்கிக்கொண்டால் நாடு தேறிவிடும் என்று அதில் எழுதியிருக்கிறீர்கள். அந்நாட்டின் பெரிய நகரமான லாகோஸில் ஆறு வருடம் வேலை பார்த்தவன் என்ற முறையில் இதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

நான் குடியிருந்த தெருவில் இருட்டினால் வீட்டுக்கு வீடு ஜெனரேட்டர் ஓடும். தண்ணீருக்கு அவரவர் போர்வெல், காவலுக்கு அவரவர் ஆள். சின்ன ஜெனரேட்டருக்கு 'ஐ பெட்டர் பாஸ் மை நெய்பர்' என்று பட்டப்பெயர். பக்கத்து வீட்டுக்காரனைவிட நான் ஒரு படி மேல் என்று அர்த்தம். எப்போதாவது கரண்ட் வந்தால் பிள்ளைகள் 'அப் நேப்பா!' என்று கத்திக்கொண்டு ஓடுவார்கள். நேப்பா என்பது பழைய மின்வாரியம். 2013இல் மின் விநியோகத்தைத் தனியாரிடம் கொடுத்தார்கள். அரசு ஒதுங்கித்தான் கொண்டது. ஜெனரேட்டர் ஓடுவது நிற்கவில்லையே!

என்னைக் கேட்டால், அரசுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதில்தான் சிக்கல். மக்களிடம் வரி வாங்காமல், மண்ணுக்கடியில் கிடைக்கும் எண்ணெயிலிருந்து அரசுக்கு வரும் இந்தப் பணத்தைப் பொருளாதாரம் படித்தவர்கள் 'வாடகை வருமானம்' என்பார்கள். வடக்கே கானோவின் நிலக்கடலை, மேற்கே கோகோ, கிழக்கே பாமாயில் என்று விவசாயத்தில் நின்ற நாடு அது. 1956இல் தெற்கே ஒலோய்பிரி என்ற ஊரில் எண்ணெய் கிடைத்தது. சுதந்திரம் வந்த புதிதில் கனிம வருமானத்தில் பாதி, அது கிடைத்த பிராந்தியத்துக்கே போனது. 1969 சட்டம் எண்ணெய் முழுவதையும் மத்திய அரசின் சொத்தாக்கியது. இன்று எண்ணெய் வருமானத்தில், அது கிடைக்கும் மாநிலங்களுக்குத் தனியாக 13 சதவீதம்தான். மற்றதை மத்திய அரசு, மாநிலங்கள், உள்ளாட்சிகள் என்று மாதாமாதம் தலைநகர் அபுஜாவில் கூடிப் பங்கு பிரிக்கிறார்கள். 1967இல் 12 ஆக இருந்த மாநிலங்கள் 1996க்குள் 36 ஆயின. புது மாநிலம் என்றால் புதுப் பங்கு. மக்களிடம் வரி வாங்கி நடக்க வேண்டிய அவசியம் இல்லாத அரசு, மக்களுக்குக் கணக்குச் சொல்லவும் பழகவில்லை.

அப்படிப்பட்ட அரசு மக்களுக்கு நேராகக் கொடுத்த ஒன்று, பெட்ரோல் விலை குறைவாக இருக்கத் தன் காசைப் போட்ட மானியம். 2012 புத்தாண்டு அன்று அதை நிறுத்தி, லிட்டர் 65 நைராவாக (அந்நாட்டு நாணயம்) இருந்த பெட்ரோலை 140 வரை ஏற்றினார்கள். நாடே வேலைநிறுத்தத்தில் இறங்கியது. லாகோஸில் ஓஜோட்டா திடலில் கூடிய கூட்டத்தைக் கண்ணால் பார்த்தேன். எங்கள் அலுவலக ஓட்டுநர் தினமும் அங்கே போய்விடுவார். "அரசாங்கம் எனக்குக் கொடுத்தது இந்த ஒன்றுதான் சார், இதையும் எடுத்தால் எப்படி?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. கடைசியில் விலையை 97 நைராவுக்கு இறக்கினார்கள்.

மானியத்தில் திருட்டு இருந்தது உண்மை. வராத பெட்ரோலுக்கு அரசிடம் மானியக் காசு வாங்கிய இறக்குமதியாளர்களை நாடாளுமன்றக் குழுவே வெளிச்சம் போட்டுக் காட்டியது. ஆனால் 2023 மே 29 அன்று அதிபர் டினுபு பதவியேற்ற கையோடு மானியத்தை நிறுத்தினாரே, அதற்கு முன் பஸ்ஸோ கரண்டோ எதுவும் ஏற்பாடு செய்யவில்லை. 200 நைராவுக்குள் இருந்த பெட்ரோல் சில நாளில் 500ஐத் தொட்டது. ஜெனரேட்டரை நம்பிக் கடை நடத்துகிறவர் என்ன செய்வார்?

மானியம் நின்றபின் மாநிலங்களுக்குப் போகும் பங்கு நன்றாகக் கூடியிருக்கிறது. அப்புறம், 774 உள்ளாட்சிகளின் பங்கை ஆளுநர்கள் (நம் ஊர் முதல்வர்கள் போல மாநிலத்தை ஆள்பவர்கள்) கையில் வைத்துக்கொள்ளக் கூடாது, நேராகக் கொடுக்க வேண்டும் என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்தப் பணம் ஒரு ஊரின் பள்ளிக்கூடத்துக்கோ ஆஸ்பத்திரிக்கோ போய்ச் சேர்ந்ததா என்று விசாரித்து எழுதுங்கள். காத்திருக்கிறேன்.

தங்கள் வாசகர்,
ஈரோடு