யாருக்குப் பிடிக்கும் என்று சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் நூல் மதிப்புரைப் பக்கத்தை விடாமல் படிக்கிறவன் நான். நன்றாகவே எழுதுகிறார்கள். ஆனால் படித்து முடித்த பிறகும் அந்த நாவல் எனக்குப் பிடிக்குமா பிடிக்காதா என்பது தெரிவதில்லை. கதைச் சுருக்கம் இருக்கிறது, ஆசிரியர் வாங்கிய விருதுகள் இருக்கின்றன, கடைசியில் 'அனைவரும் படிக்க வேண்டிய நூல்' என்று ஒரு வரி இருக்கிறது. அப்படி ஒரு நூல் உலகத்தில் கிடையாது. எந்த மாதிரி வாசகர் ரசிப்பார் என்று சொன்னால் போதும்.

புது எழுத்தாளரைத் தேடுகிறவர்கள் பெரும்பாலும் வகையைச் சொல்லித்தான் கேட்கிறார்கள், 'துப்பறியும் நாவல் ஏதாவது இருந்தா சொல்லுங்களேன்' என்று. அதை மட்டும் வைத்துப் பதில் சொன்னால் பாதி நேரம் சரிப்பட்டு வராது. அகதா கிறிஸ்டியிடம் போனால் கொலையாளி யார் என்பது பெரும்பாலும் கடைசி வரை மூடியே இருக்கும். ஜப்பானிய எழுத்தாளர் கெய்கோ ஹிகாஷினோவின் 'த டிவோஷன் ஆஃப் சஸ்பெக்ட் எக்ஸ்' (2005) நாவலில் கொலை தொடக்கத்திலேயே நம் கண்ணெதிரே நடந்துவிடுகிறது, அதைப் பக்கத்து வீட்டுக் கணித ஆசிரியர் எப்படி மறைக்கிறார், எதற்காக இவ்வளவு தூரம் போகிறார் என்பதுதான் கதையே. கடையில் இரண்டும் ஒரே அலமாரியில்தான் இருக்கும், ஆனால் புதிரை அவிழ்ப்பதில் சுகம் காண்பவரும் மனிதர்களின் மனசைத் துருவிப் பார்க்க விரும்புபவரும் ஒரே ஆள் இல்லை. மதிப்புரை எழுதுகிறவர் இந்த வித்தியாசத்தை ஒரு வரியில் சொல்லிவிடலாமே.

அப்புறம், பழகிய வகையை விட்டு வெளியே வருவதற்கும் யாராவது வழி காட்ட வேண்டியிருக்கிறது. வரலாற்று நாவலைத் தவிர வேறெதையும் தொடாதவரிடம் உம்பர்த்தோ எக்கோ 1980-ல் எழுதிய 'ரோஜாவின் பெயர்' நாவலைக் கொடுங்கள்: 1327-ஆம் ஆண்டு, இத்தாலியில் ஒரு மடாலயம், துறவிகள் ஒருவர் பின் ஒருவராகச் சாகிறார்கள், விசாரிக்க வருபவரும் ஒரு துறவி. அவர் தனக்குப் பிடித்த வரலாற்றைப் படித்துக்கொண்டே துப்பறியும் கதைக்குள் போயிருப்பார். அறிவியல் புனைவு என்றாலே விண்கலம், ரோபோ என்று ஒதுங்குகிறவர்களுக்கு ஆக்டேவியா பட்லரின் 'கிண்ட்ரெட்' (1979). 1976-ல் கலிபோர்னியாவில் வாழும் ஒரு கறுப்பினப் பெண், அடிமை முறை இருந்த காலத்து மேரிலாந்துப் பண்ணைக்குத் திரும்பத் திரும்ப இழுத்துச் செல்லப்படுகிறாள். காலப்பயண இயந்திரம் எதுவும் இல்லை, எப்படிப் போகிறாள் என்ற விளக்கமும் கடைசி வரை வராது. இப்படி இரண்டு வகைகளுக்கு நடுவே நிற்கும் நாவல்களை வாரம் ஒன்றாக அறிமுகப்படுத்தினாலே பெரிய உதவி.

விருதுச் செய்திகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். சர்வதேச புக்கர் பரிசு 2016 முதல் ஆண்டுதோறும் ஒரு மொழிபெயர்ப்பு நூலுக்குத் தரப்படுகிறது, பரிசுத் தொகையை எழுத்தாளரும் மொழிபெயர்ப்பாளரும் சரிபாதியாகப் பிரித்துக்கொள்கிறார்கள். 2023-ல் பெருமாள்முருகனின் 'பூக்குழி', அனிருத்தன் வாசுதேவன் மொழிபெயர்ப்பில், பரிசுக்கு முதல் கட்டமாகத் தேர்வான நூல்களின் நெடும்பட்டியலில் இடம்பெற்றது. பரிசு ஒரு பல்கேரிய நாவலுக்குப் போனது. ஆனால் அந்த நெடும்பட்டியலின் 13 நூல்களில் கொரியன், காட்டலான், ரஷ்யன், நார்வேஜியன் என்று எத்தனை மொழிகள்! புது எழுத்தாளர் வேண்டும் என்பவருக்கு வென்ற ஒரு பெயரை விட இந்த முழுப் பட்டியல்தான் புதையல்.

மொழிபெயர்ப்பாளர் பெயரையும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். போலந்து எழுத்தாளர் ஸ்தனிஸ்லாவ் லெம் 1961-ல் எழுதிய 'சோலாரிஸ்' நாவலை ஆங்கில வாசகர்கள் பல பத்தாண்டுகள் பிரெஞ்சு வழியாகத்தான் படித்தார்கள், போலிஷ் மூலத்திலிருந்து நேராக ஆங்கிலத்துக்கு வந்தது 2011-ல்தான். யார் மொழிபெயர்த்தார், எந்த மொழியிலிருந்து என்பது தெரிந்தால்தான் எந்தப் பதிப்பை வாங்குவது என்று வாசகர் முடிவு செய்ய முடியும். ஒரு மொழிபெயர்ப்பாளரின் நடை பிடித்துப்போய், அவர் வேறு யாரையெல்லாம் கொண்டுவந்திருக்கிறார் என்று தேடிப் போனாலும் நல்ல எழுத்தாளர்கள் கிடைக்கிறார்கள்.

இடம் இல்லை என்பீர்கள். கதைச் சுருக்கத்தைக் குறைத்துவிட்டு நாவலிலிருந்தே ஒரு பத்தியைப் போடுங்கள், நடை பிடிக்கிறதா என்பதை வாசகரே பார்த்துக்கொள்வார். அடுத்த முறை நெடும்பட்டியல் வெளியாகும்போது அதில் உள்ள ஒவ்வொரு நூலுக்கும் இரண்டிரண்டு வரியாவது ஒதுக்குங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகன்