பினாங்கு பிரசவ அறை மிஸ்ஸி (தாதி) அக்காவுக்கு நன்றி

பேர் போட வேண்டாம் என்றீர்கள் அக்கா, போடவில்லை. பினாங்கில் பிரசவ அறைப் பயிற்சிக்குப் போகும் தாதி மாணவிகளுக்கு நீங்கள் சொல்லித் தந்தவற்றுக்கு மனமார்ந்த நன்றி.

வலியை மானிட்டரில் மட்டும் பார்க்காதே, வயிற்றின் மேற்பகுதியில் கை வைத்து முழு 10 நிமிடம் எண்ணு என்றீர்கள். வயிற்றில் கட்டிய மானிட்டர் பெல்ட் நழுவினால் வலியைக் காட்டும் கோடு தட்டையாகிவிடும். வலியின் பலமும் அதில் தெரியாது. வலி அடங்கியதும் குழந்தையின் துடிப்பை 1 நிமிடம் கேட்க வேண்டும், நிமிடத்துக்கு 110 முதல் 160 வரை இயல்பு. கேட்கும்போதே தாயின் நாடியையும் பிடிக்கச் சொன்னதுதான் பெரிய பாடம். தாயின் துடிப்பையே குழந்தையுடையது என்று எழுதிவிடும் ஆபத்து உண்மையிலேயே இருக்கிறது.

அடுத்தது, பிரசவத்துக்குப் பிந்திய ரத்தப்போக்கு. கண்மதிப்பு பெரும்பாலும் குறைத்தே காட்டும். நனைந்த பேடை எடை போட்டு உலர்ந்த எடையைக் கழித்தால், 1 கிராம் ஏறக்குறைய 1 மில்லி. 500 மில்லியை எட்டும்வரை காத்திருக்கக் கூடாது. கருப்பை தளர்ந்திருந்தால் உதவிக்குக் குரல் கொடுத்துக்கொண்டே தேய்த்துவிட வேண்டும், சிறுநீர்ப்பையையும் பார்க்க வேண்டும். அது நிறைந்திருந்தால் கருப்பை சரியாகச் சுருங்காது.

ராத்திரி டியூட்டி முடிந்த களைப்பிலும் நின்று பதில் சொன்னீர்களே அக்கா, அதற்குத் தனி நன்றி.